பகலில் எழ முடியாதவர் இரவில் உதைக்கிறார்: பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் தூக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளியும் வந்த காரணமும்

நோயாளி 67 வயது ஆண். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். காவிரிப் பாசனப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் மனைவியுடனும் மகன் குடும்பத்துடனும் வாழ்பவர். இங்கே விவரிக்கப்படுபவர் தனி ஒருவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒத்த வரலாறு உடைய பல நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண இயலாதபடி இந்த நிகழ்வு அமைக்கப்பட்டிருக்கிறது. பணி ஓய்வுக்குச் சற்று முன் வலக்கையில் நடுக்கமும், பேரேட்டில் எழுதும் எழுத்து வரியின் முடிவுக்கு வருவதற்குள் சிறுத்துப்போவதும் தொடங்கின. பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், என்று உறுதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை பகல் நேர நடுக்கத்தையும் விறைப்பையும் ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தது.

மகன் கொண்டுவந்த பரிந்துரைச் சீட்டில் ‘தூக்கமின்மை’ என்ற ஒரே சொல் இருந்தது. தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டித் தர வேண்டும் என்பதே குடும்பத்தின் கோரிக்கை. ஆனால் நோயாளியின் புருவத்தில் தையல் போட்ட காயம் ஆறிக்கொண்டிருந்தது. மனைவியின் இடக் கன்னத்தில் மஞ்சள் பாரித்த பழைய அடியின் தடம் தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன் நள்ளிரவில் கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும்போது அவர் விழுந்திருக்கிறார். அடுத்த வாரம், தூக்கத்தில் அவர் ஓங்கிய முழங்கை மனைவியின் முகத்தில் பட்டிருக்கிறது. மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பகல்ல நாற்காலிய விட்டு எழுப்பவே ஆள் வேணும் டாக்டர். ராத்திரி மட்டும் எப்படி இந்த உதை உதைக்கிறாரு? எங்களுக்கே சந்தேகமா இருக்கு.”

அந்தச் சந்தேகத்துக்கு விடை காணாமல் எந்த மாத்திரையையும் கூட்டக் கூடாது என்று முடிவு செய்தோம். பார்க்கின்சன் நோயாளியின் இரவில், அசைய வேண்டிய நேரத்தில் அசைவு வராமல் போவதும், அசையாமல் கிடக்க வேண்டிய நேரத்தில் அசைவு பீறிட்டு வருவதும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இரண்டுக்கும் ‘தூக்கமின்மை’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டால், ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். இந்த நோயாளிக்கு ஏற்கெனவே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

மணி வாரியாக ஓர் இரவு

நள்ளிரவுக்குப் பின் நடப்பது எதுவும் தனக்கு நினைவில்லை என்று நோயாளி சொன்னார். எனவே மாலை 7 மணியில் தொடங்கி மறுநாள் காலை 7 மணி வரை நடப்பதை, ஒவ்வொரு மணியாக, மனைவியிடம் கேட்டோம். ஒரு வாரத்துக்கு இரவு நிகழ்வுகளைக் குறித்துவரும்படி வேண்டியபோது, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் அவர் எழுதிக்கொண்டு வந்தார். எழுத்துப்பிழைகள் நிறைந்த அந்தத் தாள்களே இந்த ஆய்வின் அடிப்படை ஆவணம். பின்னர் செய்த எந்தப் பரிசோதனையும் அவற்றைவிட அதிகமாக எதையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இரவு 8 மணி அளவில், தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததும் கால் குடைச்சல் தொடங்கும். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும், எலும்புக்குள் குடைவது போலவும் இருக்கும் என்று நோயாளியே விவரித்தார். எழுந்து நாலு அடி நடந்தால் தணியும்; உட்கார்ந்தால் மீண்டும் வரும்; காலையில் அதன் சுவடே இருக்காது. ஓய்வில் தோன்றுவது, நடந்தால் குறைவது, மாலையிலும் இரவிலும் மிகுவது, காலை அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல் ஆகிய நான்கும் இருந்ததால், 1945-ல் சுவீடனைச் சேர்ந்த கார்ல்-ஆக்செல் எக்பாம் விரிவாக விவரித்த ஓயாக் கால் நோயின் சாயல் தெளிவாகவே இருந்தது.

11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வேறொரு தொல்லை. மல்லாந்து படுத்தால் மல்லாந்தபடியே கிடப்பார். ஒருக்களித்துப் புரள முடியாது. “மரக்கட்டை மாதிரி கிடக்கிறாரு, நான்தான் தோளையும் இடுப்பையும் புடிச்சுத் திருப்பி விடணும்” என்றார் மனைவி. இது ஒரே இரவில் மூன்று, நான்கு முறை நிகழும். கட்டிலில் பழைய இலவம்பஞ்சு மெத்தை. நடுவில் பள்ளம் விழுந்து, படுத்தவரை உள்ளே இழுத்துக்கொள்வது. மேலே கனத்த கம்பளி, இடுப்பில் முறுக்கிக்கொள்ளும் லுங்கி, சுற்றிலும் கொசுவலை. மாலை 7 மணிக்கு விழுங்கிய லெவோடோபா இந்நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். கார்பிடோபாவுடன் சேர்ந்தும் இரத்தத்தில் லெவோடோபாவின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. இதே நேரத்தில் சிறுநீர் கழிக்க நான்கு முறை எழ வேண்டியிருந்தது. அளவுகோடு இட்ட பாட்டிலில் அளந்து பார்த்தபோது, ஒரு நாளில் பிரிந்த மொத்தச் சிறுநீரில் ஏறக்குறைய பாதி இரவிலேயே பிரிந்திருந்தது. முதியவர்களுக்கு 33 விழுக்காட்டைத் தாண்டினாலே இரவு நேர மிகைச் சிறுநீர் என்று கொள்ளப்படும். ஆகவே குறையைச் சிறுநீர்ப்பையில் மட்டும் தேடுவது போதாது என்று தெரிந்தது.

3 மணிக்குப் பிறகு அவர் வேறு மனிதர் ஆகிவிடுவார் என்று மனைவி எழுதியிருந்தார். கண்கள் மூடியே இருக்கும். குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். “டேய், வுடாதே, புடி” என்று கத்துவார், முஷ்டியால் காற்றில் குத்துவார், சுவரை உதைப்பார். இருமுறை கொசுவலையைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்திருக்கிறார். உலுக்கி எழுப்பினால் உடனே தெளிந்து, நாய் துரத்தியது என்றோ, களத்தில் நெல் மூட்டையைத் தூக்க வந்தவர்களை விரட்டினேன் என்றோ சொல்வார். விடிந்தபின் அதுவும் மறந்துவிடும். எழுந்து நடந்து போவது ஒருபோதும் இல்லை. பகலில் அருகில் உட்கார்ந்து காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கு மெலிந்த குரல் அவருடையது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

5 மணிக்கு இடக்கால் விரல்கள் கீழ்நோக்கி மடங்கி, பாதம் உட்புறமாக இழுத்துக்கொண்டு கடுமையாக வலிக்கும். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து இழுப்பு விடும். லெவோடோபா முற்றிலும் வடிந்துபோன வேளையில் தோன்றும் தசை இறுக்கம் இது. பகலில், சிற்றுண்டி முடிந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்.

இன்னொரு செய்தியை, யாரும் கேட்காமலேயே, மனைவி கடைசியில் சொன்னார். தூக்கத்தில் கத்துவதும் கை ஓங்குவதும் இப்போது வந்தவை அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக, அதாவது நோய் உறுதியாவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே, மாதத்துக்கு ஓரிரு முறை நடந்துவந்திருக்கிறது. அப்போது காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று உறவினர்கள் சொல்லி, மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார்கள். குழம்பு தாளிக்கும் வாசனை அவருக்குத் தெரியாமல் போனதும், மலச்சிக்கல் தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

மருந்துகளின் பட்டியல்

பல மருத்துவர்களிடமிருந்து சேர்ந்த மாத்திரைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவற்றை மேசையில் கொட்டி, எது எந்த மணிக்கு என்று அடுக்கினோம். லெவோடோபா–கார்பிடோபா 100/25 மில்லிகிராம் காலை 7, பகல் 1, மாலை 7 மணிக்கு. மாலை மாத்திரை மட்டும் இரவு உணவு முடிந்த கையோடு ஒரு டம்ளர் பாலுடன். பாலில் உள்ள புரதத்தின் அமினோ அமிலங்கள் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது குடலிலிருந்தும் மூளைக்குள்ளும் செல்வதைத் தடுப்பதால், இரவு முழுவதையும் தாங்க வேண்டிய மாத்திரைதான் மிகக் குறைவாக உடலில் சேர்ந்திருக்கிறது.

செலிஜிலின் 5 மில்லிகிராம் காலையிலும் மாலை 6 மணிக்கும். இம்மருந்து உடலில் சிதையும்போது ஆம்ஃபெட்டமின் வகைப் பொருள்கள் உண்டாகும். மாலையில் கொடுத்தால் விழிப்பைத் தரும். ட்ரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம் இருவேளை: இது வாயை வறளச் செய்ததால் நோயாளி இரவில் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்துவிடுவார். நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையில் லெவோசல்பிரைடு கலந்திருந்தது. இந்நோயில் மூளையில் குறைந்துபோகும், லெவோடோபா ஈடுசெய்யும் வேதிப்பொருளான டோபமைனின் ஏற்பிகளை அடைக்கும் இந்த மருந்து, பார்க்கின்சன் நோயாளியின் விறைப்பையும் கால் குடைச்சலையும் கூட்டவல்லது. ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் அது வீட்டுக்குள் வந்துவிடுவதால், எத்தனையோ குடும்பங்கள் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அதை இரவு 8 மணிக்கு விழுங்கிவந்தார். மனச்சோர்வுக்காக எட்டு மாதங்களாக எஸ்சிட்டலோபிராம்; தூக்கத்துக்காக மூன்று மாதங்களாக அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம். மாதம் ஓரிரு முறை நடந்த கனவுக் கத்தல் வாரம் நாலைந்து முறையானது எஸ்சிட்டலோபிராம் தொடங்கிய பிறகே என்பது நாட்காட்டித் தாள்களைக் கொண்டு பேசியபோது தெளிவானது. செலிஜிலினோடு இவ்வகை மருந்தைச் சேர்த்துத் தருவதில் செரட்டோனின் என்னும் மற்றொரு மூளை வேதிப்பொருள் மிகையாகும் ஆபத்தும் உண்டு. முதல் முறை விழுந்தது அல்பிரசோலம் தொடங்கிய மாதத்தில்.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பதால், அந்தச் சூரணம் எடுக்கிறாரா என்பதையும் கேட்டோம். நடுக்குவாத நோயாளிகள் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. இவர் எடுக்கவில்லை.

பரிசோதனை

படுத்த நிலையில் இரத்த அழுத்தம் 152/88. எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 124/76. மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே நிற்கும்போதான அழுத்த வீழ்ச்சி எனலாம். பகல் முழுவதும் உட்கார்ந்திருந்து கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் மேலேறி, உயர்ந்த அழுத்தத்தால் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. அதைக் கழிக்க எழுந்ததும் அழுத்தம் சரிகிறது. அதிகச் சிறுநீருக்கும் நள்ளிரவில் விழுந்ததற்கும் ஒரே வேர்தான். சிறுநீர் கழித்தபின் பையில் தங்கும் அளவு இயல்பாகவே இருந்தது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 31, ஹீமோகுளோபின் 11.8. ஓயாக் கால் நோயில் ஃபெரிட்டின் 75-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பார்க்கின்சன் நோயின் தூக்கத் தொல்லைகளை அளக்கும் 60 மதிப்பெண் வினாப்பட்டியலில் அவர் பெற்றது 36. 18-ஐ எட்டினாலே கவனிக்கத்தக்க கோளாறு உண்டு.

காணொளிப் பதிவுடன் இரவு முழுவதும் செய்த தூக்க ஆய்வில், மணிக்கு 9 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது; இது லேசான அளவு. கடுமையான மூச்சுத்தடையும் கனவில் உதைப்பது போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இந்த ஆய்வு தேவைப்பட்டது. கனவு காணும் தூக்கத்தின்போது தாடைத் தசை தளர்ந்திருப்பதைக் காட்டித் தட்டையாக இருக்க வேண்டிய கோடு, இவருக்கு விழித்திருப்பவருடையதைப் போல முறுக்கேறி நின்றது. அதிகாலையில் ஒருமுறை அவர் வலக்கையை வேகமாக வீசிக் கத்தியது பதிவாயிற்று. மூளை அலைகளில் வலிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை.

மகனின் கேள்வி

கண்கள் வேகமாக அசையும் தூக்க நிலை ஒன்று உண்டு என்பதை 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்று அழைக்கப்படும் அந்நிலையில்தான் கதைபோல் நீளும் கனவுகள் மிகுதியாக வருகின்றன. அப்போது மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, கீழ்நோக்கிக் கட்டளை அனுப்பி, கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்களின் வழியே முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்களை அடக்கிவைக்கிறது. கனவில் ஓடினாலும் கால் கட்டிலிலேயே கிடப்பது அதனால்தான். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஷுவே, 1960-களில், பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பகுதியைச் சிதைத்தபோது, அவை உறங்கிக்கொண்டே எழுந்து இல்லாத இரையின் மீது பாய்ந்தன. மனிதர்களிடமும் இதே கோளாறு உண்டு என்று 1986-ல் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் எழுதினார்கள். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று இன்று வழங்குவது அதுவே.

இவ்வளவு சொன்ன பின்னும் மகனின் கேள்வி மிச்சமிருந்தது. தடை நீங்கியதால் அசைவு வெளிப்படுகிறது, சரி. ஆனால் பகலில் மெதுவாகவும் தளர்ந்தும் அசையும் கை, இரவில் இவ்வளவு வேகத்தோடும் வலுவோடும் வீசுவது எப்படி? 2007-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் நூறு பார்க்கின்சன் நோயாளிகளையும் அவர்களது துணைவர்களையும் கொண்டு இதையே ஆராய்ந்தார்கள். கனவில் அசையும்போது நோயாளியின் அசைவு வேகமாகவும், குரல் உரத்தும் தெளிவாகவும், முகம் உணர்ச்சியோடும் இருப்பதாகத் துணைவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். தூக்க ஆய்வின் காணொளியும் அதை உறுதிப்படுத்தியது. ரெம் தூக்கத்தில் இயக்கக் கட்டளை, அசைவை ஒழுங்குபடுத்துபவையும் நோயால் நலிந்தவையுமான அடித்தள நரம்புத் திரள்களைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் தசைகளை அடையக்கூடும் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அந்தப் பாதை இன்னும் முழுமையாக வரையறுக்கப்படவில்லை. ஆனாலும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதற்கு இதுவே போதும்.

மகனை அழைத்து, தூக்க ஆய்வின் காணொளியைக் காட்டினோம். திரையின் கீழே ஓடும் மூளை அலை அவர் உறக்கத்தில் இருப்பதைக் காட்டுகிறது. மேலே அவர் கை வீசுகிறார். நடிப்புக்கு இங்கே இடமில்லை, பகலில் வராத அசைவை அவர் ஒளித்துவைத்திருக்கவும் இல்லை என்று சொன்னோம். பார்க்கின்சன் நோயாளிகளின் மீது வீட்டில் விழும் பழிகளிலேயே இதுதான் மிகக் கொடுமையானது என்பது என் எண்ணம். பழிசுமத்தப்பட்டவருக்குத் தாம் செய்தது நினைவிலும் இராது, மறுக்கவும் தெரியாது. மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அப்பாவை இரவில் திருப்பிவிடும் வேலையில் தானும் முறை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

சிகிச்சை

மருந்தைக் கூட்டும் முன் ஆபத்தைக் குறைத்தோம். கட்டிலைத் தாழ்த்தி, பக்கத்தில் தரையில் ஒரு மெத்தையைப் போட்டார்கள். தலைமாட்டிலிருந்த இரும்புப் பெட்டியும், தண்ணீர்ச் சொம்பும், சுவரலமாரியின் கண்ணாடிக் கதவும் அகற்றப்பட்டன. கொசுவலைக்குப் பதிலாகச் சன்னலுக்கு வலை அடித்தார்கள். மனைவி அதே அறையில், கை எட்டாத தூரத்தில் தனிக்கட்டிலில் படுத்தார். அந்த ஒன்றே அவருக்குப் பல மாதங்களுக்குப் பின் தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கத்தைத் தந்தது.

அடுத்து, மருந்துகளைக் குறைத்தோம். லெவோசல்பிரைடு உடனே நிறுத்தப்பட்டது. செலிஜிலினின் இரண்டாம் வேளை நண்பகலுக்கு மாற்றப்பட்டது. ட்ரைஹெக்சிஃபெனிடிலையும் அல்பிரசோலத்தையும் திடீரென நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும் என்பதால் வாரக்கணக்கில் படிப்படியாக இறக்கினோம். எஸ்சிட்டலோபிராமை மனநல மருத்துவருடன் கலந்து, மனநிலையைக் கண்காணித்துக்கொண்டே குறைத்தோம். சிறுநீர் பெருக்கும் மருந்து இல்லாத வேறு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப்பட்டது.

லெவோடோபா காலை 7, 11, மாலை 3, 7 என நான்கு வேளையாகப் பிரிக்கப்பட்டு, உணவுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக, வெறும் தண்ணீரோடு கொடுக்கப்பட்டது. படுக்கப் போகும்போது மெதுவாகக் கரையும் 200/50 மாத்திரை. இரவு முழுவதும் இது தாங்கும் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. நள்ளிரவு வரை ஓரளவு உதவினாலே போதும் என்பதே எதிர்பார்ப்பு. இரவுப் பால் காலை 10 மணிக்கு மாறியது. இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு அதன் உறிஞ்சலைக் குறைக்கும்; ஆகவே இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். இதை மகனின் கைப்பேசியில் நினைவூட்டியாகப் பதிந்துவைத்தோம். டோபமைனைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் கால் குடைச்சலுக்கு உதவும் என்றாலும், இவரது வயது, அழுத்த வீழ்ச்சி, அம்மருந்துகளால் வரும் திடீர்த் தூக்கம், அடக்க முடியாத உந்துதல்கள் ஆகியவற்றைக் கருதி, முதலில் இரும்பை மட்டும் சோதித்தோம்.

கனவுக் கத்தலுக்கு, தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் இயக்குநீரான மெலடோனின் 3 மில்லிகிராமில் தொடங்கி 6 ஆக்கப்பட்டது. குளோனசெபம் பல காலமாகப் பயன்படும் மருந்துதான். ஆனால் அதன் அரை ஆயுள் 30 மணி நேரத்துக்கு மேல். ஏற்கெனவே விழுந்தவருக்கும், லேசான மூச்சுத்தடை உடையவருக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது. மெலடோனின் பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதைக் குடும்பத்திடம் மறைக்கவில்லை.

புரள்வதற்கான உதவியில் மருந்தைவிடப் படுக்கையே பெரிய மாற்றத்தைத் தந்தது. இலவம்பஞ்சு மெத்தை போய், கெட்டியான தென்னை நார் மெத்தை வந்தது. கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வை. லுங்கிக்குப் பதில் அரைக்கால் சட்டை. கட்டில் சட்டத்தில் பிடித்து இழுக்க ஒரு கயிற்று வளையம் கட்டப்பட்டது. முழங்கால்களை மடக்கி, தலையைத் திருப்பி, கைகளைக் கோத்து ஒரு பக்கமாக வீசி, அந்த வேகத்திலேயே உடலை உருட்டும் முறையை இயன்முறை மருத்துவர் பகலில் பலமுறை பழக்கினார். வழுவழுப்பான விரிப்பு உதவும் என்று சொன்னபோது, மனைவி தம் பழைய பட்டுப்புடவை ஒன்றை மடித்து, தோளிலிருந்து இடுப்பு வரை வரும்படி விரித்தார். குதிகால்கள் ஊன்றிக்கொள்ளப் பருத்தி விரிப்பு கீழே அப்படியே இருந்தது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. படுத்த நிலை இரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லியிருந்தோம். பட்டின் மீது அவர் கால்மாட்டுக்கு வழுக்கி வந்துகொண்டே இருந்தார். செங்கல்லில் ஒன்றை எடுத்து, புடவையை இடுப்பளவுக்குச் சுருக்கிய பின்னர் இரண்டும் ஒத்துப்போயின.

மாலை 6 மணிக்குப் பின் நீர் அருந்துவதைக் குறைத்தல், மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்தல், கட்டிலருகே சிறுநீர்ப் பாட்டில், எழுமுன் கட்டில் விளிம்பில் சில நிமிடம் உட்காருதல் ஆகியன மற்ற ஏற்பாடுகள்.

பின்தொடர்தல்

ஆறு வாரங்களில் இரவுச் சிறுநீர் நான்கு முறையிலிருந்து இரண்டாகக் குறைந்தது, விழவில்லை. எஸ்சிட்டலோபிராம் முற்றிலும் நின்ற பிறகு உதைப்பது வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று; கத்துவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பது மருந்தால் வந்ததன்று, மருந்து அதைத் தூண்டி மிகுவித்தது என்ற எங்கள் கணிப்புக்கு இது ஒத்திருந்தது. மூன்று மாதங்களில் ஃபெரிட்டின் 80-ஐத் தாண்டியது. கால் குடைச்சல் எப்போதாவது வருவதாக மாறியது. 2 மணிக்குப் பின் புரள்வதற்கு இன்னும் ஒருமுறை உதவி தேவைப்படுகிறது. வினாப்பட்டியல் மதிப்பெண் 36-லிருந்து 19-க்கு இறங்கியது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் ஒரு படி மேலே.

நான்காம் மாதத்தில் ஒரு பின்னடைவு. அறை மூலையில் குழந்தைகள் நிற்பதாக அவர் மூன்று இரவுகள் சொன்னார். லெவோடோபாவைக் குறைக்கும் முன் சிறுநீரைச் சோதித்ததில் தொற்று தெரிந்தது; அதற்கு மருத்துவம் செய்ததும் குழந்தைகள் மறைந்தார்கள். இத்தகைய வேளையில் வெளியூர் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், டோபமைனை அடைக்கும் ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் சீட்டு ஒன்றை மகனிடம் கொடுத்துவைத்திருக்கிறோம்.

மனைவியின் கேள்வி

சிகிச்சை நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார்: “பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா, இந்த நோய் வராம தடுத்திருக்கலாமா டாக்டர்?”

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. ஷென்க் குழுவினர் ரெம் தூக்க நடத்தைக் கோளாறு மட்டுமே இருந்த 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் 38 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்ததாக 1996-ல் அறிவித்தார்கள். 2013-ல், தொடர்பில் இருந்தவர்களில் அந்த அளவு, மறதி நோயையும் சேர்த்து, 81 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2019-ல் 24 மையங்களின் 1280 பேரைக் கொண்டு வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 6.3 விழுக்காட்டினர் இவ்வகை நோய்களுக்கு மாறுவதாகவும், பன்னிரண்டு ஆண்டுகளில் அது 73.5 விழுக்காட்டை எட்டுவதாகவும் கணித்தது. ஆல்ஃபா-சினூக்ளின் என்னும் புரதம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் மோப்ப நரம்புப் பகுதியிலும் முதலில் படிந்து, பின்னரே டோபமைன் அணுக்கள் உள்ள கருந்திட்டுப் பகுதியை எட்டுகிறது என்று 2003-ல் ஹைக்கோ பிராக் வகுத்த படிநிலை எல்லோருக்கும் பொருந்தாவிட்டாலும், இவருக்குப் பொருந்துகிறது: வாசனை போனது, மலச்சிக்கல், கனவில் உதைப்பது, பிறகு கை நடுக்கம்.

ஆனால் நோய் வருவதைத் தடுக்கும் மருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இல்லை, இன்றும் இல்லை. இதை அவரிடம் அப்படியே சொன்னோம். தாயத்துக் கட்டியதால் எதையும் இழக்கவில்லை, நீங்கள் தவறவிட்ட சிகிச்சை என்று ஒன்றும் இல்லை என்றோம். இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டுமன்று, உண்மையும் அதுவே. அன்று வந்திருந்தால் கட்டிலைத் தாழ்த்தியிருக்கலாம், கன்னத்து அடியைத் தவிர்த்திருக்கலாம். கூடவே, இனிமேல் நோய் வரக்கூடும் என்ற செய்தியோடு ஆறு ஆண்டுகளைக் கழிக்க விரும்புகிறீர்களா என்று நோயாளியிடம் கேட்கவும் வேண்டியிருந்திருக்கும். நடுக்கம் இல்லாமல், தூக்கத்தில் கத்துவது மட்டும் உள்ள ஐம்பது வயதுக்காரர் வரும்போது இந்தச் செய்தியை எவ்வளவு சொல்வது என்பதை அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதே தீர்மானிக்க வேண்டும். தடுக்கும் மருந்து ஒன்று வரும் நாளில் இந்த நிலை மாறும்.

1817-ல் லண்டனில் ஆறு நோயாளிகளைக் கொண்டு இந்நோயை முதலில் விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே தூக்கம் கெடுவதைக் குறித்திருக்கிறார். 1988-ல் பிரிட்டனில் 220 நோயாளிகளிடம் கேட்டபோது 98 விழுக்காட்டினர் இரவிலோ எழும்போதோ தொல்லை உண்டு என்றார்கள். இருந்தும் மருத்துவமனைகளில் இரவைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. நோயாளியின் பக்கத்தில் படுப்பவர் பெரும்பாலும் வெளியில் வரிசையில் காத்திருக்கிறார். உள்ளே வருவது மகனும் சீட்டும் மட்டும். துணைவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பதை முதல் பரிசோதனையாகவே கருத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த கட்டத் திட்டம் இது. ரெம் தூக்க நடத்தைக் கோளாறு உள்ள பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நினைவாற்றல் குறைவதற்கான வாய்ப்பு மிகுதி என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நினைவாற்றல் சோதனை செய்யப்படும். 2 மணிக்குப் பிந்தைய விறைப்பு கூடினால், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையையோ, இரவில் மட்டும் தோலடியில் செலுத்தும் அபோமார்ஃபினையோ பரிசீலிக்கலாம். பின்னது தூக்கத்தை மேம்படுத்துவதைப் பிரான்சில் நடந்த ஆய்வொன்று 2022-ல் காட்டியிருக்கிறது. செலவும் பராமரிப்பும் இக்குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அப்போது பேசியே முடிவெடுக்க வேண்டும். ஃபெரிட்டின் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கப்படும். நாட்காட்டித் தாள்களில் குறிப்பதை மனைவி மாதத்துக்கு ஒரு வாரம் மட்டும் தொடர்ந்தால் போதும். மற்ற வாரங்களில் அந்த வேலை மகனுடையது.